தங்கையை அடிக்கும் இரண்டு வயது அண்ணன்

கேள்வி: சிசேரியனில் எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. மூத்தவனுக்கு இரண்டேகால் வயது. மருத்துவமனைக்கு அவனை அழைத்து வந்தபோது நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறை வாசலிலேயே நின்றுவிட்டான். என்னிடம் வரவே இல்லை; அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகு, நேற்று பாப்பாவின் தலையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டான். டயப்பர் இல்லாமல் பழகியிருந்தவன் இப்போது உடையை நனைக்கிறான், பால் பாட்டில் கேட்டு அழுகிறான். உச்சிக்குழியில் அடி பட்டிருந்தால் ஆபத்தா டாக்டர்? அவனுக்குத் தங்கையைப் பிடிக்கவில்லையா? சில வாரங்கள் பாட்டி வீட்டில் விட்டுவைக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சிக்குழியில் எலும்பு இன்னும் மூடவில்லை என்றாலும், அதன் அடியில் உறுதியான சவ்வு இருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் வெறும் உள்ளங்கை பட்டதால் மட்டும் உள்ளே காயம் ஏற்படுவது அரிது. இருந்தாலும் ஒரு மாதம்கூட நிறையாத குழந்தை என்பதால், தலையில் அடி பட்டால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். இன்றே காட்டிவிடுங்கள். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் விழிக்காமல் சோர்ந்து கிடப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, தேற்ற முடியாத அழுகை, வலிப்பு, உச்சிக்குழி புடைத்திருப்பது, தலையில் வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். அடித்தது கையால் அல்ல, பொம்மை போன்ற கனமான பொருளால் என்றாலும், குழந்தை கீழே விழுந்திருந்தாலும் அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது.

இனி உங்கள் மகனிடம் வருவோம். அவன் மருத்துவமனைக்கு வந்தது உங்களைத் தேடி. சில நாட்களாக அம்மா வீட்டில் இல்லை; ஏன் என்பதும் அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தால், பழக்கமில்லாத கட்டிலில் அம்மா படுத்திருக்கிறாள், அவனுக்குரிய மடியில் வேறொரு குழந்தை. ஏங்கிப்போன குழந்தை, பார்த்தவுடன் ஓடி வராமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது மிக இயல்பு. அதில் வெறுப்பு இல்லை. தங்கை என்றால் என்ன என்பதே அவனுக்கு இன்னும் தெரியாதபோது, அவளைப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருக்கும் மற்ற தாய்மாரும் இதைக் கவனிக்க வேண்டும். மூத்த குழந்தை அறைக்குள் வரும்போது பாப்பா தொட்டிலில் இருக்கட்டும். உங்கள் இரண்டு கைகளும் காலியாக இருக்கட்டும். அறையில் கூட்டம் வேண்டாம். முத்தம் கொடு, படம் எடுக்கிறோம் என்று யாரும் செல்போனை நீட்ட வேண்டாம். இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெரியவர்களின் ஆசைக்காகக் குழந்தை பாசத்தை நடித்துக் காட்ட வேண்டியதில்லை. முதலில் அவன் உங்களிடம் ஒட்டிக்கொள்ளட்டும். பாப்பாவைப் பற்றி அவனே கேட்கும்போது காட்டினால் போதும். பிறந்த குழந்தைக்கு இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தொலைவில் உள்ள முகம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ளிருந்தபடியே வெளிக்குரல்களைக் கேட்டிருக்கும். அவன் பேசும்போது பாப்பா அந்தப் பக்கம் அசைந்தால், “உன் குரலைக் கேட்கிறாள், பார்” என்று சொல்லுங்கள். பாதத்தைத் தொடச் சொல்லுங்கள். அந்தச் சின்ன விரல்கள் சுருங்கி மடங்குவதைப் பார்த்தால் பெரும்பாலான குழந்தைகள் மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் வீட்டில் இப்போதும் செய்யலாம். எதுவும் கைமீறிப் போய்விடவில்லை. சிசேரியன் ஆனதால் சுமார் ஆறு வாரங்களுக்கு அவனைத் தூக்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வயிற்றின் மேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால் அவன் பக்கவாட்டில் ஏறி வந்து அணைத்துக்கொள்ளலாம். தூக்க முடியாததற்குப் பாப்பாவைக் காரணமாகச் சொல்லாதீர்கள். “பாப்பா தூங்குகிறாள், கத்தாதே”, “பாப்பா இருக்கிறாள், இப்போது வர முடியாது” என்று நாள் முழுவதும் கேட்கும் குழந்தைக்கு எல்லா மறுப்பும் அவளால்தான் வருகிறது என்றே படும். எப்போதாவது அவன் காதில் விழும்படி, “பாப்பா, கொஞ்சம் பொறு, அண்ணனுக்குச் சட்டை போட்டுவிட்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். பாப்பாவுக்குப் புரியாது, அவனுக்கு நன்றாகப் புரியும்.

அடிப்பதைப் பொறுத்தவரை, கையை அடக்கிக்கொள்ளும் திறன் இந்த வயதில் மூளையில் இன்னும் வளரவில்லை. “மெதுவாகத் தொடு” என்று நூறு முறை சொன்னாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடுவான். ஓங்கும்போதே கையைப் பிடித்து, “அடிக்க விடமாட்டேன்” என்று அமைதியாகச் சொல்லிச் சற்று நகர்த்துங்கள். பதிலுக்கு நீங்கள் அடிக்காதீர்கள். இருவரையும் தனியாக விட்டு ஒரு நிமிடம்கூட அகலக் கூடாது, குளியலறைக்குப் போகும் நேரம் உட்பட. அன்பு மிகுந்த அண்ணனாலும் ஆபத்து வரலாம்: தான் தின்னும் பண்டத்தையோ ஒரு நாணயத்தையோ தங்கையின் வாயில் ஊட்டிவிடுவான். இரவில் இருவரையும் ஒரே படுக்கையில் படுக்க வைக்காதீர்கள்.

பாட்டில் கேட்டால் கொடுங்கள். தாய்ப்பால் கேட்டால், பாப்பா குடித்த பிறகு அதையும் கொடுக்கலாம். கேலி செய்யாமல் கொடுத்தால் தானாகவே விட்டுவிடுவான். உடையை நனைப்பதற்குத் திட்ட வேண்டாம். சில நாட்கள் மறுபடி டயப்பர் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ இது சரியாகிவிடும். ஆனால் எல்லாவற்றையும் தங்கையின் வரவோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது அழுதாலோ காய்ச்சல் இருந்தாலோ நோய்த்தொற்றா என்று பார்க்க வேண்டும். அடிக்கடி தண்ணீர் கேட்டு, நிறையச் சிறுநீர் போய், உடலும் இளைத்தால் அன்றைக்கே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்களை இழப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்ப்பது ஆகியவற்றையும் பொறாமை என்று ஒதுக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவனுக்குச் சளி பிடித்திருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பாப்பாவிடம் விடுங்கள். முத்தம் பாதத்தில் மட்டும். அவனுடைய தடுப்பூசிகள் எதுவும் விடுபட்டிருந்தால் போட்டுவிடுங்கள், முக்கியமாகக் கக்குவான் இருமலுக்கானது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

பாட்டி வீட்டுக்கு இப்போது அனுப்பாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை உங்களைப் பிரிந்து தவித்தவன், பாப்பா வந்ததும் தன்னை வெளியேற்றிவிட்டார்கள் என்றே நினைப்பான். முடிந்தால் பாட்டியை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பால் குடித்த பாப்பாவை அவர் பார்த்துக்கொள்ளும்போது, தினமும் கால் மணி நேரமாவது உங்கள் மகனோடு மட்டும் இருங்கள். என்ன விளையாடுவது என்று அவனே முடிவு செய்யட்டும்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நேர்வதுதான். அது இரண்டு வாரங்களைத் தாண்டியும் தொடர்ந்தாலோ, பாப்பா தூங்கும்போதுகூட உங்களால் தூங்க முடியாவிட்டாலோ உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், வீட்டில் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.