ஒலியை முந்தாத ரவை: வாசகர் கேள்வி-பதில்

நுவரெலியா: கொழும்பில் ‘டப்’ என்று அடங்கிப்போன அதே .22 துவக்கு ரவைப் பெட்டி, இங்கே காலையில் இடைக்கிடை ‘படார்’ என்கிறது. ரவை பழுதா?

பழுதில்லை, குளிர்தான். ரவை ஒலியை முந்தினால்தான் அந்தப் ‘படார்’ வரும். காற்று குளிரக் குளிர ஒலியின் வேகம் குறையும். 30 பாகை செல்சியஸில் அது செக்கனுக்கு 349 மீற்றர்; 8 பாகையில் 336. உயரம் இதில் சேராது, வெப்பநிலைதான் கணக்கு. ‘ஸ்டாண்டர்ட் வெலோசிட்டி’ .22 ரவைகள் பெரும்பாலும் 326 முதல் 331 வரை போகும். ஒரே பெட்டிக்குள்ளும் ரவைக்கு ரவை ஐந்தாறு மீற்றர் ஏறி இறங்கும். கொழும்பில் ரவைக்கும் ஒலிக்கும் இடையே 18 மீற்றராக இருந்த வேக இடைவெளி உங்கள் காலைக் குளிரில் ஐந்தாகிவிடுகிறது. பெட்டியில் கொஞ்சம் வேகமான ரவைகள் ஒலியின் வேகத்தைத் தாண்டி ‘படார்’ என்கின்றன. 320 அளவில் ஓடும், ஒலியை முந்தாத ‘சப்சோனிக்’ ரவைக்கு மாறுங்கள். குளிரில் வெடிமருந்து சற்று மந்தமாக எரிவது உங்களுக்கு லாபம்தான்; ரவையைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றி அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரவையை மாற்றியதும் முதல் பத்துப் பதினைந்து வெடியில் குறி அலையும். குழலில் புது மெழுகு படிந்த பிறகே குறிபார்க்கும் சைட்டைத் திருத்தக் கை வையுங்கள்.

பண்டாரவளை: 50 மீற்றரில் குறி சரி. 100 மீற்றரில் எவ்வளவு கீழே போகும்?

ஸ்கோப் வைத்த துவக்கில் ஏறத்தாழ 20 சென்டிமீற்றர். மலையில் பலரைக் குழப்புவது சரிவு. 30 பாகைச் சரிவில் 100 மீற்றர் தள்ளி நிற்கும் இலக்கின் கிடைத்தூரம் 87 மீற்றர்தான். மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் அந்த 87-க்கே கணக்குப் போடுங்கள். 100-க்குப் போட்டால் ரவை மேலே ஏறும்.

ஹட்டன்: தானாக அடுத்த ரவை ஏறும் செமி-ஓட்டோவில் சப்சோனிக் போட்டால் வெற்றுக் கோது சிக்குகிறது.

ரவையைப் பூட்டி நிற்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள இந்த ரவைக்குப் போதிய வலு இல்லை. முதலில் ரவை உட்காரும் செம்பரில் படிந்த மெழுகையும் கரியையும் துடைத்து, போல்ட்டுக்கு மெல்லிய எண்ணெய் விடுங்கள். அதற்குப் பிறகும் சிக்கினால் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்க வேண்டாம். வேகமான ரவை போடும் நாளில் போல்ட் பின்னால் மோதி உடைக்கும். கையால் இழுத்து இயக்கும் போல்ட்-அக்‌ஷன் துவக்கே இதற்குத் தோது.

பதுளை: 60 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ரவை இலக்குப் பலகையில் பக்கவாட்டாகத் துளை போடுகிறது.

அந்தக் குண்டு நீளமானது; அதைச் சுழற்ற உங்கள் குழலின் புரி போதாது. வழமையான .22 குழல் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அந்தக் குண்டுக்கோ 9 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். 40 கிரெய்னுக்குத் திரும்புங்கள்.

கண்டி: ‘புஸ்’ என்று மட்டும் சத்தம் வந்தது. அடுத்ததைப் போடலாமா?

போடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நிற்கலாம். பின்னால் இன்னொன்று வந்தால் குழல் வெடிக்கும். இலக்குப் பக்கமே முனையை வைத்து அரை நிமிடம் பொறுங்கள். மகசீனைக் கழற்றி, கோதை வெளியே எடுத்து, போல்ட்டையும் எடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து குழலைப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள். இன்னொரு ரவையால் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் நிற்காதீர்கள்.

தலவாக்கலை: பன்றிக்கு இந்த .22 போதுமா?

போதாது. இதன் வலு வெறும் 140 ஜூல் அளவில்தான். காயப்பட்ட பன்றி நேரே கொழுந்தெடுப்பவர்கள் நிற்கும் மலைக்குள் பாயும். தவறிய ஈயக்குண்டு பாறையில் பட்டால் தெறிக்கும்; .22 குண்டு ஒன்றரைக் கிலோமீற்றர் வரை போகக்கூடியது, கீழே லயங்கள் இருக்கின்றன.