வாசகர் கேள்விகள்: 'யசு' என்ற கல்லும் சில சந்தேகங்களும்

பழைய சாலையில் ஒரு கல் சாய்ந்து நிற்கிறது. மேலே 'யசு', கீழே ரோமன் எண் போலச் சில கோடுகள். 'யசு' யாருடைய பெயர்?
– புதுக்கோட்டை வாசகர்

பெயர் இல்லை, 16. தமிழ் எண்களில் பத்துக்கு 'ய', ஆறுக்கு 'சு'. ஒன்று முதல் ஒன்பது வரை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்று எழுத்துச் சாயலிலேயே இருப்பதால், சாமி பெயர் என்று நினைத்துப் பொட்டு வைத்தவர்களும் உண்டு. உங்களுடையது பிரிட்டிஷ் காலத்து மைல்கல். கீழே உள்ள ரோமன் எண்ணும் 16 என்றால் சந்தேகமே வேண்டாம்.

29-ஐ 'உயகூ' என்றும் எழுதுவார்கள், இடமதிப்பு முறையில் 'உகூ' என்றும் எழுதுவார்கள். அதில் 'ய' தேய்ந்து போயிருந்தாலும் மோசமில்லை. 'யசு'வில் தேய்ந்தால் 16 மைல் 6 மைலாகிவிடும்.

16 மைல் என்பது 25.7 கி.மீ. எந்த ஊரிலிருந்து என்று பார்க்கப் புறவழிச்சாலையில் வண்டி ஓட்டி அளந்தால் கணக்கு உதைக்கும். ஊருக்குள் புகுந்து போகும் பழைய சாலையில்தான் அளக்க வேண்டும்.

எழுத்து தேய்ந்திருக்கிறது. சாக்பீஸ் தடவிப் படிக்கலாமா?
– சேலம் வாசகர்

கூடாது. தடவுகிறவர் தனக்குத் தோன்றிய எழுத்தையே வரைந்துவிடுகிறார். பிறகு படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிவது கல் அல்ல, அவருடைய ஊகம். கம்பிபிரஷ் பாசியோடு கல்லின் மேல்பரப்பையும் சுரண்டிவிடும். சுண்ணாம்பு அடித்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பள்ளமும் அடைந்துவிடும்.

தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லுக்கு நேராகக் காட்டாமல், பக்கவாட்டில் பரப்பை ஒட்டிப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். இடம், வலம், மேல், கீழ் என்று வெளிச்சத்தை மாற்றி, கேமராவை நகர்த்தாமல் நான்கு படம் எடுங்கள். படுக்கைக் கோடு ஒரு படத்தில் தெரியும், செங்குத்துக் கோடு இன்னொன்றில். பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைக் காகிதத்தில் மையால் படியெடுப்பதை, பழகியவரிடம் விடுங்கள். நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டிப் பள்ளங்களில் இறக்கி, துணிப்பந்தால் மை ஒற்ற வேண்டும். ஈரம் மிஞ்சினால் மை பரவும். ரொம்பக் காய்ந்தால் காகிதம் கழன்றுவிடும்.

மைல் வருவதற்கு முன் தூரக்கல் உண்டா?
– அரூர் வாசகர்

உங்கள் மாவட்டத்திலேயே உண்டு. தருமபுரிப் பகுதியில் கிடைத்த ஒரு கல், அதியமான் பெருவழியில் நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்கிறது (காதம் என்பது பழைய தூர அளவு). எழுத்தோடு நிற்கவில்லை: பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. படிக்கத் தெரியாத வண்டிக்காரரும் விரலால் தடவிப் பத்தையும் ஒன்றையும் கூட்டிக்கொள்ளலாம். இன்றைய பெயர்ப்பலகைகளில் இந்தக் கரிசனத்தைக் காணோம்.

சேலம் மாவட்டம் ஆறகழூரில் உள்ள மகதேசன் பெருவழிக் கல், காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்கிறது. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 170 கி.மீ. அப்படியானால் அந்தக் காதம் 10 கி.மீ.க்குக் குறையாது. ஆனால் காதம் எல்லா ஊரிலும் ஒரே அளவல்ல. இதை வைத்து வேறு கல்லை அளக்காதீர்கள்.

சாலை அகலப்படுத்துகிறார்கள். சுமைதாங்கிக் கல்லைக் கோயில் வாசலுக்கு மாற்றலாமா?
– மன்னார்குடி வாசகர்

இருக்கும் இடத்திலிருந்து சில அடி ஒதுக்கி, அதே சாலையோரம் நட முடியுமா என்று முதலில் கேளுங்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக, தலைச்சுமையோடு நடந்தவர்களுக்காக வைத்தது. கோயில் வாசலில் அதற்கு வேலை இல்லை. மைல்கல் என்றால் இன்னும் மோசம், இடம் மாறியதுமே எண் பொய்யாகிவிடும்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஜிபிஎஸ் குறியீடு, சாலையின் எந்தப் பக்கம், முகம் எந்தத் திசை, மண்ணுக்குள் எத்தனை அடி என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்குக்கல் பெரும்பாலும் இரண்டு தூண்கள்மேல் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். ஜேசிபி தூணைத் தள்ளினால் அது விழுந்து உடையும், பெயரும் ஆண்டும் அதில்தான் வெட்டியிருப்பார்கள். குறுக்குக்கல்லை முதலில் கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்ட அரசு அருங்காட்சியகத்திலும் எழுத்தில் தகவல் கொடுங்கள். நூறாண்டு தாண்டிய சிற்பமும் கல்வெட்டும் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வரும் என்பதை ஒப்பந்தக்காரருக்கும் சொல்லிவையுங்கள்.

கிலோமீட்டர் கல்லின் தலையில் ஏன் வெவ்வேறு நிறம்?
– திண்டிவனம் வாசகர்

மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. நடுவே 2, 4, 6, 8 என்று நிற்கும் சின்னக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று.