நான்சிக்குப் பொருந்திய காலணி

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் என் பத்து வயது மகளுடன் உட்கார்ந்து ‘என்சான்டட்’ படத்தை மறுபடி பார்த்தேன். 2007-இல் வந்த டிஸ்னி படம். அப்போது நான் கல்லூரி மாணவி. தோழிகளோடு விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருக்கிறது. ஆண்டலேசியா என்னும் ஓவிய உலகத்தில் இளவரசன் எட்வர்டை மணக்கவிருக்கும் ஜிசெலை, அவனுடைய மாற்றாந்தாய் நரிசா கிணற்றில் தள்ளிவிடுகிறாள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துகொண்டு ரத்தமும் சதையுமான பெண்ணாக வெளியே வருகிறாள் ஜிசெல். விவாகரத்து வழக்கறிஞர் ராபர்ட்டும் அவருடைய மகள் மார்கனும் அவளுக்கு இடம் கொடுக்கிறார்கள். கடைசியில் அவள் ராபர்ட்டுடனேயே இருந்துவிடுகிறாள்.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: “அம்மா, நான்சி ஆன்ட்டி பாவம் இல்லையா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐந்து வருடம் ராபர்ட்டுடன் பழகியவள் நான்சி. அவள் என்ன தப்பு செய்தாள்? நாயகிக்கு வேண்டாமல்போன இளவரசனை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே நாள் பழக்கத்தில் கல்யாணமா என்று கேலி செய்த படம், சில நாள் பழகியவரோடு ஜிசெலைச் சேர்த்துவைப்பதும் அதே கதைதானே? புதிய மொந்தையில் பழைய கள் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகள் சரியான ஆளைப் பிடித்திருக்கிறாள். நான் முதல் தடவை பார்த்தபோது நான்சியைக் கவனிக்கவே இல்லை. எட்வர்ட் பஸ்ஸின் கூரைமேல் ஏறி நின்று, அதை ஏதோ இரும்பு மிருகம் என்று நினைத்து வாளைச் செருகுவதையும், ஓட்டுநர் அம்மாள் இறங்கிவந்து அவனை வாங்கு வாங்கென்று வாங்குவதையும் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து வந்தவன்தான்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாளுக்கும் சில நாட்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? எண்ணிக்கையில் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. ராபர்ட்டின் வீட்டில் இருவருக்கும் வாக்குவாதம். எட்வர்ட் வருவான் என்று அவள் சொல்லச் சொல்ல, வரமாட்டான், நடக்காது, இல்லை என்றே இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜிசெலுக்கு மூச்சு வாங்குகிறது, சொல் தட்டுகிறது. ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்று ஒருவழியாகச் சொல்லி முடிக்கிறாள். சொன்ன மறுநொடி முகம் மலர்ந்து சிரிக்கிறாள். வாழ்க்கையில் அவளுக்கு வந்த முதல் கோபம் அது. புதிய பண்டத்தை முதன்முதலாக நாக்கில் வைத்த குழந்தைபோல அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். ஜிசெலாக நடித்த ஏமி ஆடம்ஸ் இந்த அரை நிமிடத்தில் செய்வதைப் பல நடிகைகள் முழுப் படத்திலும் செய்வதில்லை.

இதை ஊடல் என்று சொன்னால் அவசரப்பட்டதாகும். ஊடுவதற்கு ஓர் உரிமை வேண்டும். ஆனால் அந்த உரிமை தனக்கு இருக்கிறது என்பது அவளுக்கே தெரியாமல் அங்கேதான் முளைவிடுகிறது. காமத்துப்பாலை ஊடலுவகையில் கொண்டுபோய் முடித்த நம் ஊர்க்காரருக்கு இந்தக் காட்சி பிடித்திருக்கும்.

அதற்குப் பிறகு எட்வர்ட் அவளைக் கண்டுபிடித்து வந்து, ஆண்டலேசியாவில் பாடிய பாட்டை மறுபடி எடுக்கிறான். அடுத்த அடியை அவள் பாடவேண்டும். கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். அவள் பாடவில்லை. ஏன் என்று கேட்டால், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். யோசிக்கிறாயா? அவனுக்கு அந்தச் சொல்லே விளங்கவில்லை. முதல் நாள் அவனுடைய பாட்டை முடித்துவைத்ததற்காகவே அவனை மணக்கத் தயாரானவள் இவள். பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு யோசிப்பவளாக அவள் மாறியதை, நாட்களை எண்ணி அளக்க முடியாது.

இப்போது நான்சி. அவளுடைய முழுப் பெயர் நான்சி ட்ரெமெய்ன். 1950-இல் டிஸ்னி எடுத்த சிண்ட்ரெல்லாவில் அந்தப் பொல்லாத மாற்றாந்தாய்க்கு வைத்த அதே பெயர். படத்தில் இதுபோன்ற குறும்புகள் ஏராளம். ராபர்ட்டின் அலுவலக உதவியாளராக வருபவர் ஜோடி பென்சன். டிஸ்னியின் கடற்கன்னி ஏரியலுக்குக் குரல் கொடுத்தவர். இவையெல்லாம் தெரிந்தவர்களுக்கான கண்சிமிட்டல்கள், தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை. ஆனால் ட்ரெமெய்ன் என்ற பெயரை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். ராபர்ட் மணந்துகொண்டால் நான்சி மார்கனுக்குச் சிற்றன்னை ஆவாள். வில்லிக்கு உரிய பெயரைச் சூட்டிவிட்டு, அவளை ஒரு வார்த்தைகூட வில்லியாகப் பேசவிடவில்லை படம்.

மத்தியப் பூங்காப் பாட்டில் ஜிசெல் புறாக்களிடம் பூக்களை இதய வடிவில் கட்டிக் கொடுத்து நான்சிக்கு அனுப்புகிறாள், நினைவிருக்கிறதா? நான்சி ராபர்ட்டை அழைத்துப் பேசுகிறாள். வழக்கமாக நீ மின்னஞ்சலில் பூப்படம்தானே அனுப்புவாய், இவை நிஜப் பூக்கள் என்று பூரித்துப்போகிறாள். எனக்கு அந்த இடத்தில் மனம் கனத்தது. ஐந்து வருடமாக அவளுக்குக் கிடைத்தது பூவின் படம். தேவதைக் கதையில் நம்பிக்கை இல்லாமல், மகளுக்குச் சாதனைப் பெண்களைப் பற்றிய புத்தகத்தை வாங்கிக்கொடுப்பவர் ராபர்ட். (மேரி கியூரியைப் பற்றி மகள் படிக்கவேண்டும்தான், அதில் அவரோடு சண்டையில்லை.) அவரோடு இருந்ததால் நமக்கு நான்சியும் அதே கட்சிபோலத் தெரிகிறாள். உண்மையில், படத்தில் தேவதைக் கதைக்காக ஏங்கிக்கொண்டிருந்த பெரிய மனுஷி அவள் ஒருத்திதான்.

விருந்து நடனத்தில் எட்வர்ட் அவளிடம் மனத்தில் பட்டதை நேராகச் சொல்கிறான். கிண்டலே இல்லாமல் ஓர் ஆண் பேசுகிறான் என்பதே அவளுக்கு அதிசயமாக இருக்கிறது. பிறகு ஜிசெல் நஞ்சு ஆப்பிளைக் கடித்து மயங்கி விழ, எட்வர்டின் முத்தம் பலிக்காமல் போகிறது. அவளை முத்தமிட ராபர்ட் தயங்குகிறார். அவருக்குச் சம்மதம் சொல்பவள் நான்சி. மணி பன்னிரண்டை நெருங்கும்போது, ஒரு தலையசைப்பில் ஐந்து வருடத்தை விட்டுக்கொடுக்கிறாள். சற்று நேரத்தில், ஜிசெல் விட்டுச்சென்ற காலணியை எட்வர்ட் நான்சியின் காலில் போட்டுப் பார்க்கிறான். அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது. சிண்ட்ரெல்லாவின் காலணி மாற்றாந்தாயின் பெயர் கொண்டவளுக்கு! தலையில் கட்டியதாக நீங்கள் சொல்வதை இதனால்தான் ஏற்கத் தயங்குகிறேன்.

ஆனால் உங்கள் மகளின் வழக்கு இத்தோடு தள்ளுபடி ஆகவில்லை. நான்சியாக நடித்தவர் இடீனா மென்செல். பிராட்வே மேடையில் கொடிகட்டிப் பறந்த பாடகி. 2003-இல் ‘விக்கெட்’ இசை நாடகத்தின் நாயகி எல்ஃபபாவாகப் பாடி, அடுத்த ஆண்டு டோனி என்னும் நாடக விருது வாங்கியவர். அந்த நாடகத்துக்குப் பாட்டெழுதி இசையமைத்த ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ்தான் இந்தப் படத்துக்கும் பாடலாசிரியர். அப்படிப்பட்டவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் பாடவிடவில்லை! ஜிசெல் பாடுகிறாள், எட்வர்ட் பாடுகிறான், பூங்காவில் போகிறவர் வருகிறவரெல்லாம் பாடுகிறார்கள். நான்சிக்கு மட்டும் வாயடைப்பு. 2022-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் அவருக்கு ஒரு பாட்டு கிடைத்தது. அதற்குப் பதினைந்து வருடம் ஆயிற்று.

நான்சியின் மனம் மாறும் விதத்தைக் காட்டவும் படத்துக்கு நேரமில்லை. ஜிசெலின் கோபத்துக்குக் கிடைத்த அரை நிமிடம் நான்சியின் துக்கத்துக்குக் கிடைத்திருந்தால் உங்கள் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாள்.

அடுத்த தடவை பார்க்கும்போது கடைசியில் வரும் ஆண்டலேசியாக் கல்யாணத்தை அவளுக்குக் காட்டுங்கள். ஓவியமாகிவிட்ட நான்சியின் கைபேசி சடங்குக்கு நடுவே ஒலிக்கிறது. அதைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு எட்வர்டின் பக்கம் திரும்புகிறாள். இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த நான்சி ஆன்ட்டிதான் ‘ஃப்ரோஸன்’ படத்தில் எல்சாவாகப் பாடியவர். மறுபடி கேட்கச் சொல்லி அவள் உங்களைப் பிடுங்கி எடுத்தால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்