பழைய காரின் லெதர் சீட்டில் வெளுத்த இடத்தைச் சரிசெய்ய முடியுமா?

1995 மாடல் பென்ஸ் டபிள்யூ124, டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் வெளுத்துவிட்டது, தோலை மிருதுவாக்கும் கண்டிஷனர் போட்டும் மாறவில்லை என்கிறீர்கள். மாறாதுங்க. தேய்ந்தது தோலின் மேலுள்ள சாயப் பூச்சு. ஏறி இறங்கும்போது பேன்ட் உரசுவது அங்கேதான்.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். அந்த மாடலில் எம்பி-டெக்ஸ் என்ற வினைலும், அதாவது செயற்கைத் தோலும், வந்தது. சீட்டுக்கு அடியில் வெட்டிய ஓரத்தில் நார்நாராக இருந்தால் தோல், துணி தெரிந்தால் வினைல்.

தோல் என்றால், மென்மையான பிரஷ்ஷும் லெதர் கிளீனரும் வைத்து அழுக்கை எடுங்கள். நுரை பழுப்பாக வருவது நிற்கும்வரை விடாதீர்கள். காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். விரிசல் இருந்தால் அதை நிரப்பும் பசையான லெதர் ஃபில்லரைத் தடவுங்கள். பிறகு தண்ணீர் அடிப்படையிலான (வாட்டர்-பேஸ்டு) லெதர் சாயத்தை ஸ்பாஞ்சில் தொட்டு, மெல்லிசாக நாலைந்து முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. ஒரேயடியாக அப்பினால் உரிந்து வரும். கடைசியில் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு கட்டாயம். இல்லையென்றால் சாயம் வேட்டியில் ஒட்டும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் இறங்கிய தோலில் சாயம் பிடிக்காது. இனி நிழலில் நிறுத்துங்கள், மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள்.