எண்பதுகளின் ஒலி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அண்மையில் வரும் ராக் ஆல்பங்களில் பெரும்பாலானவை எழுபதுகளையோ எண்பதுகளையோ நகலெடுத்தவைபோல் இருக்கின்றன. கிரேட்டா வான் ஃப்ளீட் பாடினால் எழுபதுகளின் பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலின்தான் காதில் விழுகிறது. அசலே கையில் இருக்கும்போது இவற்றை எதற்குக் கேட்க வேண்டும்?

கே., கோவை

அன்புள்ள கே.,

கிரேட்டா வான் ஃப்ளீட்டைப் பொறுத்தவரை உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மூன்று சகோதரர்களும் ஒரு நண்பரும் சேர்ந்த குழு அது. 2019இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றார்கள். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் உச்சத்தில் வீரிடும் குரல், கிதாரின் நடை, டிரம்ஸின் கனம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டால், பாடுகிறவர் தன்னுடையதாகச் சொல்ல அங்கே என்ன மிஞ்சும்?

இதை வைத்து மற்றவர்களையும் ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் அசல் என்று சொல்லும் லெட் செப்பலினையே எடுத்துக்கொள்வோம். 1971இல் அவர்கள் வெளியிட்ட 'வென் தி லெவி பிரேக்ஸ்', 1927ஆம் ஆண்டு மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த பாட்டு; அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. இரண்டு கிதார்கள், ஒரு குரல், அவ்வளவுதான். 42 ஆண்டுகள் கழித்து, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையில் மாடிப்படியின் அடியில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹமின் டிரம்ஸை வைத்து, மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். படிக்கட்டின் எதிரொலியும் சேர்ந்தே பதிவானது. வெள்ளத்தைப் பற்றிய பாட்டில் வெள்ளமே புகுந்துவிட்டது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் இங்கே மின்னியின் பெயரைப் போட்டவர்கள், தங்களுடைய இன்னொரு பாட்டான 'ஹோல் லாட்டா லவ்'வில், வரிகளை எடுத்துக்கொண்டும் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சனின் பெயரைப் போடவில்லை. 1985இல் அவர் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கடனைச் சொல்லிவிட்டு வாங்குவதுதான் முறை.

இப்போது, எண்பதுகளின் ஒலியைக் கடன் வாங்கியும் நகலாகாத ஒரு குழுவுக்கு வருகிறேன்: தி வார் ஆன் டிரக்ஸ். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆடம் கிராண்டூசியலின் குழு. 2014இல் வந்த 'லாஸ்ட் இன் தி ட்ரீம்' ஆல்பத்தில் சின்தசைசரின் பனிமூட்டம், டிரம் மெஷின், விரிந்த கிதார் என எண்பதுகளின் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலத்து ராக் நட்சத்திரங்களான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவும் உடனே நினைவுக்கு வருவார்கள். ஆனால் அடியில் ஓடும் தாளம் எழுபதுகளின் ஜெர்மன் குழுவான 'நோய்!' (Neu!) வாசித்தது. ஏற்ற இறக்கமின்றி நெடுஞ்சாலையில் போவதுபோல் போய்க்கொண்டே இருப்பது. எண்பதுகளில் இந்த இரண்டையும் இப்படி யாரும் சேர்த்து வாசித்து நான் கேட்டதில்லை. அதைவிட முக்கியமாக, நீண்ட சுற்றுப்பயணத்துக்குப் பின் மன அழுத்தத்திலும் பதற்றத்திலும் வீட்டோடு முடங்கிக் கிடந்த காலத்தில் அவர் உருவாக்கிய ஆல்பம் இது. பெரிய மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்ந்து பாட வைப்பதற்காகப் பிறந்த ஒலியை, ஓர் அறைக்குள் தனியாகத் தவிக்கிற மனிதனுக்குக் கொடுத்திருக்கிறார். 'ரெட் ஐஸ்' பாட்டில் குரல் வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு போகிறது. திடீரென்று ஒரு கூவல். மொத்த வாத்தியங்களும் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. எண்பதுகளின் எந்த ஆல்பத்திலும் அந்த இடத்தை நான் கேட்டதில்லை.

இரவில் ஹெட்போனில், பாடல் வரிசையை மாற்றாமல் கேளுங்கள். முதல் பாட்டு 'அண்டர் தி பிரஷர்' ஒன்பது நிமிடத்தைத் தொடும். பாதியில் நிறுத்த வேண்டாம். கேட்ட பிறகும் நகல் என்றே தோன்றினால், எந்தப் பாட்டின் நகல் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். தேடிக் கேட்கிறேன்.

அன்புடன்