தூண்டில் பக்கம்: முடியைக் குறைத்துக் கட்டுங்கள்

கேள்வி: அண்ணே, ஒன்பது சென்டிமீட்டர் மினோ லூரின் (சின்ன மீன் வடிவச் செயற்கை இரை) பின் கொக்கியில் நானே மான்வால் முடி கட்டினேன். கடையில் விற்பதைவிட அடர்த்தியாகவே வந்தது. ஆனால் தெலுக் பகாங் ஜெட்டியில் வீசிப் பார்த்தால் லூர் ஆடாமல் நேராக வருகிறது. கொஞ்ச நேரத்தில் முடியும் கொத்தாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. எங்கே தவறு?
வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் காரணம் ஒன்றே. முடி அதிகம்.

மினோவின் மூக்கில் இருக்கும் தகடு தண்ணீரைத் தள்ளுவதால்தான் அதன் உடல் இடமும் வலமும் ஆடுகிறது. அப்போது வால் நன்றாக வீச வேண்டும். அந்த வாலில் தடித்த கொத்தைக் கட்டினால் தண்ணீர் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் செத்துவிடும். உங்கள் அளவு மினோவுக்கு நான் முடியே கட்டச் சொல்ல மாட்டேன். ஆசையாக இருந்தால் இரண்டு மெல்லிய இறகு போதும்.

பாப்பர், பென்சில், ஸ்பூன், இரும்பு ஜிக் ஆகிய மற்ற லூர் வகைகளுக்குத்தான் கட்டிய கொக்கி உண்மையாக உதவும். இழுப்பதை நிறுத்தியதும் பாப்பர் அசையாமல் மிதக்கும். ஆனால் வாலில் இருக்கும் முடி மட்டும் தண்ணீரில் மெல்ல விரிந்து ஒடுங்கிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்து தயங்கி நிற்கும் மீன் கடிப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முடி உருவியது ஏன் என்றால், கொத்து பருமனாக இருக்கும்போது நூல் வெளிமுடியைத்தான் இறுக்கும்; நடுவில் உள்ளவற்றுக்குப் பிடிப்பே இருக்காது. மூன்று முள் உள்ள ட்ரெபிள் கொக்கிக்கு மூன்று பக்கம் இருக்கிறது அல்லவா? முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கொத்தாக, மூன்று தனிக் கொத்து வையுங்கள். விரலால் அழுத்திப் பிடித்தால் ஒவ்வொன்றும் தீக்குச்சிக் கனம் இருக்கட்டும். பார்க்க ஏழையாகத் தெரியும். தண்ணீருக்குள் போட்டுப் பாருங்கள், மீன் உடம்பு போலவே இருக்கும்.

முதலில் வெறும் கம்பியில் நூலை நெருக்கமாகச் சுற்றி ஒரு படுக்கை போடுங்கள். வழவழப்பான இரும்பில் முடி நிற்காது. கொத்தை வைத்ததும் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவதில் இறுக்குங்கள். எடுத்த உடனே இறுக்கினால் முடி கம்பியைச் சுற்றி ஓடிவிடும். மான்வாலின் அடிப்பகுதி முடிக்கு உள்ளே காற்று இருக்கும். நூல் இறுகினால் விரிந்து நிற்கும். ஒல்லியான உருவம் வேண்டும் என்றால் வாலின் நுனிப் பக்கத்து முடியை எடுங்கள். நுனிகளைக் கத்தரிக்கோலால் சமமாக வெட்டிவிடாதீர்கள். இயற்கையான அந்தக் கூர்மைதான் மீன் வால் மாதிரி ஒடுங்கும். மினுமினுப்பு இழை நாலைந்து போதும்.

முடிச்சுப் போட்ட பிறகு, நீர்த்த சூப்பர் பசையை நூலுக்குள் ஊற விட்டு, அது காய்ந்ததும் மேலே எப்பாக்ஸி பூசுங்கள். கொக்கியின் கண்ணில் ஒரு சொட்டுப் பசையும் போகக்கூடாது. லூரில் மாட்டும் வளையம் நுழையாமல் போனால் அத்தனை வேலையும் வீண். கடைசியாக லூரில் மாட்டி, வாளித் தண்ணீரில் மிதக்க விட்டுப் பாருங்கள். நனைந்த முடியின் கனத்தில் மிதக்கும் லூர் வால் பக்கம் தாழ்ந்து நிற்பது உண்டு.

கேள்வி: பூலாவ் அமான் பக்கம் படகில் போகும்போது, பிலிஸ் (நெத்திலி) கூட்டத்தைத் தாலாங் மீன் அடித்துத் தின்கிறது. என் பெரிய லூரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்னால் சின்ன முள் ஒன்று கட்டச் சொல்கிறார்கள். எப்படி?
வாசகி, நிபோங் திபால்

பதில்: சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், சகோதரி. அதற்கு டீசர் என்று பெயர். அமெரிக்க வடகிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன் பிடிப்பவர்கள், அது சின்னஞ்சிறு இரையை மட்டுமே தின்னும் நாட்களில் இதைத்தான் நம்புகிறார்கள். விரலளவு பிலிஸையே தேடும் மீனுக்கு உங்கள் பெரிய லூர் உணவாகவே தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குட்டி ஓடினால், பெரிய மீன் சின்ன மீனைத் துரத்துவது போல இருக்கும். யார் முதலில் விழுங்குவது என்று தாலாங் பாய்ந்துவிடும்.

ஒற்றை முள்ளில் வெள்ளை முடியும் கொஞ்சம் வெள்ளி இழையும் போதும், மேலே பச்சை முடி சில இருந்தால் நல்லது. லூருக்கு 45 முதல் 60 சென்டிமீட்டர் முன்னால், தடித்த லீடரில் (லூருக்கு முன்னால் கட்டும் நூல்) இருந்து ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான கிளையில் தொங்க விடுங்கள். நீளம் கூடினால் லீடரில் சுற்றிக்கொள்ளும். வீசும் தூரம் குறையத்தான் செய்யும், எதிர்காற்றில் சிக்கும். அதனால் மீன் சின்னஞ்சிறு இரையைத் தின்னாத நாளில் இதைக் கழற்றிவிடுவது என் வழக்கம். நூலைச் சுற்றும்போது டீசர், தூண்டில் கோலின் நுனி வளையத்தில் இடித்துவிடாமல் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். லூரில் மீன் மாட்டியிருக்கும்போது டீசர் முள் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். மீன் ஒரு துள்ளு துள்ளினால் அது உங்கள் கையில் ஏறிவிடும். டீசர் முள்ளின் முனையருகே பின்பக்கமாக நீட்டி நிற்கும் காதை இடுக்கியால் நசுக்கி விடுங்கள். தாலாங்கின் முதுகு முள்ளிலும் விஷம் உண்டு, வெறும் கையால் பிடிக்கவே வேண்டாம்.

கேள்வி: எப்பாக்ஸிக்குப் பதில் நகப்பூச்சு போதுமா?
வாசகர், ஜெலுத்தோங்

பதில்: நிறமில்லாதது போதும். இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு பூசுங்கள். பல் கூர்மையான தெங்கிரி மீனுக்குப் போகிறீர்கள் என்றால் எப்பாக்ஸியே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மான்வால் விலை கட்டவில்லை. கோழி இறகு ஆகுமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தாராளமாக. சேவலின் கழுத்திலும் முதுகிலும் இருக்கும் நீண்ட இறகு, மெதுவாக இழுக்கும்போது மான்முடியைவிட அழகாக நீந்தும். சந்தையில் கம்பத்துக் கோழி விற்பவரிடம் கேளுங்கள், தூக்கிப் போடும் பொருள்தானே, தருவார். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்துவிட்டால் பூச்சி வராது. இறகு மென்மையானது, முள்முனையில் சுற்றிக்கொள்ளும், அதனால் கொக்கி வளைவைத் தாண்டி அதிகம் நீட்டாதீர்கள். மீன்பிடித்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். பினாங்கு ஈரத்தில் அப்படியே பெட்டியில் மூடினால், நீங்கள் கட்டியது கெட்டுப்போகும், அடியில் உள்ள கொக்கியும் துருப்பிடித்துப்போகும்.