மதுரைப் பக்கம் பைக்கில் ஆஃப்ரோடு, அதாவது தார்ச்சாலையை விட்டு மண்பாதையில், ஓட்டப் போனால் ஊர்க்காரர்கள் வண்டியை மறிக்கிறார்களே, பாதை எல்லோருக்கும் பொதுதானே?

பொதுதான். ஆனால் நானும் மறிக்கப்பட்டவன்தான், அதனால் அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மேலூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரை, ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்து வண்டி. தோளில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் கரை நடுவில் வந்து நின்றுகொண்டார். ஹாரன் அடித்தோம், நகரவில்லை. "வண்டிய அமத்துங்கப்பு" என்றார். அமர்த்தினோம். இறங்கி வரச் சொல்லி, கரையின் சரிவைக் காட்டினார்.

யாரோ கீழேயிருந்து கரைமேல் ஏறி விளையாடியிருக்கிறார்கள். நாங்களாகவும் இருக்கலாம், ஏனென்றால் முந்தின மாதம் அந்தப் பக்கம் வந்திருந்தோம். கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டன் டயர் புல்லைப் பிய்த்த இடத்தில் முதலில் ஒரு விரல் ஆழத்துக்குத்தான் தடம் இருந்ததாம். அதற்குப் பிறகு பெய்த இரண்டு மழையில் தண்ணீர் அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டது. நான் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. அருகம்புல்லும் கோரையும் வேர்விட்டுப் பிடித்திருப்பதால்தான் மண்கரை நிற்கிறது. ஹிமாலயன் 450 வண்டி மட்டுமே 196 கிலோ, ஏறக்குறைய நாலு சிமெண்ட் மூட்டை. அதன்மேல் ஆளும் உட்கார்ந்து, பின்சக்கரம் சுழலச் சுழல ஏறினால் புல் என்ன ஆகும்? "ஐப்பசியில இந்த எடம் ஒடஞ்சா மடைக்குக் கீழ அம்புட்டு வயலும் போச்சு" என்றார். கொஞ்சம் திட்டவும் செய்தார், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கரைமேல் நீளவாக்கில் வண்டிப்பாதை இருந்து, ஊரில் ஆட்சேபமும் இல்லையென்றால் காய்ந்த நாளில் மெதுவாகப் போகலாம். சரிவில் ஏறி இறங்குவதும், தண்ணீர் திறந்துவிடும் மடை, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு பக்கம் வட்டமடிப்பதும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

பாலமேடு, அலங்காநல்லூர் பக்கம் மார்கழியில் போனால் வேறு சங்கதி. ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு நடை, நீச்சல், மண் குத்தல் என்று பயிற்சி நடக்கிற நேரம். ஒத்தையடிப் பாதையில் ஒரு பையன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே வருவான். எட்டத்தில் பார்த்தவுடனே எஞ்சினை அணைத்து ஓரம் கட்டுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு "போங்க தம்பி" என்று ஒரு குரல் கொடுங்கள். முகமும் குரலும் தெரிந்தால் பையனுக்கும் காளைக்கும் பாதிப் படபடப்பு குறைந்துவிடும். ஆட்டு மந்தை வந்தாலும் இதுதான். எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பதை மேய்ப்பவர் சொல்லட்டும். நடுவில் புகுந்து மந்தை சிதறினால் அதைத் திரும்பச் சேர்க்க அவருக்கு ஒரு பொழுது ஆகும். வழியில் முள்படல் சாத்தியிருந்தால், கடந்து போனபின் இருந்தபடியே சாத்திவிடுங்கள். திறந்து கிடந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். பட்டா நிலமென்றால் சொந்தக்காரரைக் கேட்காமல் நுழையவே வேண்டாம்.

போகவே கூடாத இடங்களும் உண்டு. சிறுமலை மாதிரி காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைந்தால் வழக்கு வரும், வண்டியும் போகலாம். கீழக்குயில்குடி சமணர்மலையில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன, அந்தப் பாறை டயர் ஏற்றுகிற இடமில்லை. கோயில்காட்டில் ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள், அங்கே பைக் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. 'ஆளில்லாத மொட்டைப் பாறைதானே' என்று நமக்குத் தோன்றும் இடத்தில் வல்லூறும் ராசாளியும் கூடு வைக்கின்றன. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து நின்று 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்த ஊர்கள் அவை. அவர்களிடம் போய் 'பொதுப்பாதைதானே' என்று வாதாட எனக்குத் தைரியமில்லை, உங்களுக்கு இருந்தால் பாருங்கள்.

வண்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கம்பெனி சைலன்சரை மாற்றாதீர்கள். ஊர்க்காரர்களின் கோபத்தில் பாதி சத்தத்தால் வருவது, அதில் தப்பும் இல்லை. மண்பாதையில் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும், சக்கரம் சும்மா சுழன்று மண்ணைத் தோண்டாது. தார்ச்சாலை ஏறும்முன் திரும்ப அடித்துக்கொள்ள ஒரு கைப்பம்பு வேண்டும். மண்தடத்துக்கென்றே செய்த, பதிவு எண் இல்லாத டர்ட் பைக்கை ஊர்ச்சாலையில் ஓட்டுவது சட்டப்படி தப்பு. யார்மீதாவது மோதினால் இன்சூரன்ஸும் கிடையாது. சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அனுமதி வாங்கிய இடத்தில் இறக்குங்கள். கூட்டமாகப் போகாதீர்கள், நாலு வண்டியே அதிகம்.

திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டில் மழைக்கு மறுநாள் போனால் யாரும் மறிக்க வேண்டியதே இல்லை. மண் மட்கார்டுக்குள் அப்பி, சக்கரம் தானாக நின்றுவிடும். அனுபவம்.

அந்தப் பெரியவரின் போன் நம்பர் இப்போது என்னிடம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் கூப்பிட்டுப் பாதை காய்ந்ததா என்று கேட்டுக்கொள்கிறேன். போன வாரமும் கேட்டேன். "இன்னும் சகதியாத்தான் கெடக்கு, வராதீங்கப்பு" என்றார்.